மணல் தொட்டியும் மாமாவும்

நம் வயதுக்காரர்களான உங்களில் சில பேரைச் சேலத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே வாரம் தவறாமல் பார்க்கிறேன். மேலே குழந்தைகளுக்குத் தெரபி நடக்கிறது. பேரப்பிள்ளைகளை மேலே அனுப்பிவிட்டு அவர்களுடைய செருப்புகளுக்குக் காவலாக நாம் கீழே உட்கார்ந்திருக்கிறோம். பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். நம்ம காலத்தில் இதெல்லாம் ஏது, பிடிவாதம் பண்ணினால் முதுகில் இரண்டு வைத்தார்கள், சரியாகப் போயிற்று என்பீர்கள். எல்லோரும் தலையாட்டுவோம். நானும் ஆட்டியிருக்கிறேன். ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

நம் காலத்திலும் அது இருந்தது. ஏற்காட்டு மலைமேலேயே இருந்தது. அந்த அறைக்குள் போய், பேச்சு வந்து, நல்ல பிள்ளையாகத் திரும்பிய பையன் நான். நான் நன்றாகத் தேறினேன் என்பதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்க முடியாத பகுதி. சிரிக்காமல் கேளுங்கள்.

எங்கள் கடை ஏற்காடு கடைவீதியில் இருந்தது. கம்பளி, போர்வை, குடை, ஸ்வெட்டர் விற்போம். அத்தா கல்லாவில் உட்காருவார். அம்மாவின் தம்பி, என் மாமா, கடைக்குள் ஓடியாடி வேலை செய்வார். கல்யாணம் ஆகாதவர், எங்கள் வீட்டிலேயே சாப்பாடு, கடைக்கு மேலே பரணில் படுக்கை. தோட்டத் தொழிலாளர்களுக்குச் சம்பளம் போடுகிற அன்று மாமா துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு எஸ்டேட் லைன் வீடுகளுக்குப் புறப்படுவார். தலைச்சோலைப் பக்கம், மஞ்சக்குட்டைப் பக்கம் என்று போவார். மூட்டை தலையில், நான் இடுப்பில். அம்மா திட்டுவாள், ஒன்றைத்தான் சுமக்க முடியும், எதையாவது இறக்கி வை என்று. மாமா மூட்டையை இறக்கி வைப்பதாகப் பாவனை செய்வார். எனக்கு அது போதும், நாள் முழுக்கச் சிரிப்பேன்.

காப்பிப் பழம் பறிக்கிற காலம் என்றால் அந்த வழியெல்லாம் ஒரு புளிப்பு வாசம் அடிக்கும். பழத்தை ஆட்டித் தோலைக் குவித்து வைத்திருப்பார்கள், அது ஊறிப் புளித்த வாசம். மாமா கழுத்தில் எப்போதும் ஒரு சிவப்பு மப்ளர் கிடக்கும். மழைத் தூறலில் நனைந்த கம்பளியும் அந்தப் புளிப்பும் கலந்த வாசத்தில்தான் நான் அவர் தோளில் தூங்கிப் போவேன். அந்த வயதில் எனக்கு உலகத்திலேயே உறுதியான பொருள் மாமாவின் தோள்தான்.

அப்படி ஒரு காப்பிப் பழக் காலத்தில்தான், ஆறு வயதில், எனக்குச் சுன்னத் வைத்தார்கள். நம்மில் பல பேருக்கு அது மாலையும் ஊர்வலமுமாக நடந்ததுதான். எனக்கும் குறையில்லை. பட்டுச் சட்டை, மல்லிகை மாலை, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஒருவர் கொடுத்தனுப்பிய ஜீப்பில் ஏரியைச் சுற்றி ஊர்வலம். ஆனால் முந்தின நாளே தெருப் பையன்கள் என்னை மிரட்டி வைத்திருந்தார்கள். நான் மாமாவிடம் போய் வலிக்குமா என்று கேட்டேன். வலிக்காது, யாரையும் உன்மேல் கை வைக்க விடமாட்டேன் என்றார். மறுநாள் என்னை மடியில் இருத்தி, என் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தவர் அவர்தான். தாய்மாமன்தான் பிடிக்க வேண்டும், அது முறை. "மேல பாரு கண்ணு, ஒண்ணுமில்ல, மாமா இருக்கேன்ல" என்றார். நான் மேலே பார்த்தேன். ஓட்டுக் கூரையில் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நடந்தது ஒரு நொடிதான், கத்தி பிடித்த ஒஸ்தா கை தேர்ந்தவர். நான் கத்திக்கொண்டே திரும்பி மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் பிடியைத் தளர்த்தவில்லை.

எனக்குச் சடங்கின்மேல் ஒரு குறையும் கிடையாது. என் பிள்ளைகளுக்கும் செய்தேன். வலிக்கும், கொஞ்ச நேரம்தான், அத்தா பக்கத்தில் இருப்பேன் என்று சொல்லிச் செய்தேன். என் விஷயத்தில் வம்பு வலிக்காது என்ற அந்தச் சொல்லில்தான்.

புண் சீக்கிரம் ஆறியது. பேச்சு போனது. யார் என்ன கேட்டாலும் வாய் திறக்கவில்லை. தொட்டால் கடித்தேன். அதிலும் மாமா கிட்டே வந்தால் பல் பதியக் கடித்தேன். தட்டை வீசினேன், சுவரில் தலையை முட்டிக்கொண்டேன், விவரம் தெரிந்த பிள்ளை பாயை நனைத்தேன். விருந்துக்கு வந்த சொந்தங்கள் ஆளுக்கொரு நோய் சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனார்கள். காற்றுக் கருப்பு என்றார் ஒருவர், கண்ணேறு என்றார் ஒருவர். செல்லம் என்றார் அத்தா. பள்ளிவாசல் ஹஜரத் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், தாயத்து கட்டினார்கள். வாத்தியார் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைப் பிரம்பால் செய்து பார்த்தார். அத்தாவும் பெல்ட்டைக் கழற்றினார். அத்தா கெட்டவரில்லை. பிள்ளை ஊமையாகிவிடுமோ என்ற பயத்தை அவருக்கு வேறு எப்படிக் காட்டுவது என்று தெரியவில்லை.

அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து தங்கியிருந்தார். உடம்பு தேற மலைக்கு வந்தவர். இருக்கிற நாள்வரைக்கும் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று, விறகு போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து வாங்கிக்கொண்டாராம். எங்கள் கடையில் கம்பளி வாங்க வந்த நர்ஸம்மா சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிந்தது.

அந்த அறை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சிவப்புச் சிமெண்டுத் தரை சில்லென்று இருக்கும். நடுவில் டீத்தூள் பெட்டிப் பலகையால் அடித்த பெரிய மணல் தொட்டி. ஒரு குண்டானில் தண்ணீர், ஒரு மூலையில் பிசைந்த களிமண், ஒரு கூடையில் துணி சுற்றிய மரப் பொம்மைகள். டாக்டரம்மா புடவையைச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். பெரியவர்கள் எனக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

"இங்க நீ என்ன வேணாலும் செய்யலாம். உனக்கும் அடிபடக் கூடாது, எனக்கும் அடிபடக் கூடாது. அவ்வளவுதான். பேசணும்னு இல்லை" என்றார்.

நான் மணலை அள்ளி அவர் முகத்தில் வீசினேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நிறையக் கோபம் இருக்கு" என்றார், குழம்பில் உப்பு அதிகம் என்று சொல்கிற குரலில். "மணல் என்மேல போடறதுக்கு இல்லை. அந்தச் சுவர்மேல போடலாம்." நான் சுவர்மேல் போட்டேன். மொத்த நேரமும் போட்டேன். அடுத்த முறையும் போட்டேன். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நான் செய்வதைத் தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரிச் சொல்லிக்கொண்டிருப்பார், அவ்வளவுதான். மருந்துச் சீட்டு எங்கே, ஊசியாவது போட்டார்களா என்று அத்தா அம்மாவைக் கேட்பார். மண்ணில் விளையாடவா ஆஸ்பத்திரிக்குப் போவது, அதற்கு ஏரிக்கரை இல்லையா என்பார்.

பிள்ளை அறைக்குள் இருக்கும்போது தாய் வெளியே பெஞ்சில் உட்கார வேண்டும், எட்டிப் பார்க்கக் கூடாது. இது டாக்டரம்மாவின் கண்டிப்பு. பெஞ்சுக்கு நேர்மேலே ஜன்னல் இருந்தது. எந்தத் தாயால் பார்க்காமல் இருக்க முடியும்?

ஒருநாள் நான் கூடையிலிருந்து ஓர் ஆண் பொம்மையை எடுத்து அதன் கழுத்தில் சிவப்புத் துணி ஒன்றைச் சுற்றினேன். மணலில் குழி பறித்து அதை உள்ளே வைத்து மூடினேன். மேலே உள்ளங்கையால் அழுத்தி அழுத்திக் கெட்டியாக்கினேன். அந்த நேரத்தில்தான் அம்மா ஜன்னலில் பார்த்திருக்கிறாள். மடியில் இருந்த என் தங்கை சிணுங்கியிருக்கிறாள், அம்மா குனிந்துவிட்டாள். குழந்தையைச் சமாதானம் பண்ணுவதற்குள் நேரம் முடிந்து நான் வெளியே வந்துவிட்டேன். சிவப்பு மப்ளர் யாருடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமில்லை. அன்று சாயங்காலமே அத்தாவிடம் சொன்னாள். தன் தம்பியைப் போட்டுக்கொடுப்பதற்காகச் சொல்லவில்லை. ஏதோ இருக்கிறது, விசாரியுங்கள் என்றுதான் சொன்னாளாம்.

அத்தா விசாரித்த அழகு எனக்கு ஞாபகம் இருக்கிறது. கடைப் பலகையைச் சாத்திவிட்டு மாமாவை நிற்க வைத்தார். நான் போர்வை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

"ஊட்டுல இத்தன பேரு இருக்கோம். உன்னயக் கண்டா மட்டும் ஏன் அப்படிக் கடிக்கறான்? லைனுக்குக் கூட்டிட்டுப் போற வழியில என்ன பண்ணுன? அடிச்சியா?"

"இல்லீங்க மச்சான். சுன்னத் அன்னிக்கு நான் புடிச்சேன்ல, அதுல பயந்துட்டான். வலிக்காதுன்னு சொல்லியிருந்தேன்."

"ஊருல உள்ள பையன் அத்தன பேருக்கும்தான் சுன்னத் பண்றாங்க. எவனுக்குப் பேச்சு நின்னுச்சு? உனக்கு நின்னுச்சா? எனக்கு நின்னுச்சா?"

அத்தா சொன்னது எங்கள் ஆட்கள் யார் காதிலும் நியாயமாகத்தான் விழும். மாலை போட்டு, விருந்து வைத்து, ஊரே வந்து வாழ்த்திய காரியம் பிள்ளைக்கு எப்படித் தீங்காகும்? அதைச் சந்தேகிப்பதைவிட ஓர் ஆளைச் சந்தேகிப்பது சுலபம். மாமா என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. என்னிடம் அப்போது பேச்சு இல்லை என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையையாவது அசைத்திருக்கலாமே என்று உடனே தோன்றிவிடும். ஆறு வயதுப் பிள்ளை, மிரண்டு போயிருந்தது, அதற்கு என்ன தெரியும் என்று அடுத்தவர் பிள்ளைக்கென்றால் சமாதானம் சொல்வேன்.

மாமா மறுநாள் காலை பஸ்ஸில் ஒரேயடியாக மலையிறங்கினார். சேலத்தில் அவருக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். சேதி அவருக்கு முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்தது. சின்னப் பிள்ளையை அடித்து ஊமையாக்கியவனுக்கு எப்படிப் பெண் கொடுப்பது என்று அவர்கள் விலகிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு வேறு யாரும் கொடுக்க முன்வரவில்லை.

இனிமேல் வருவதுதான் எனக்குக் கூசுகிற இடம். மாமா போன பிறகு நான் தேற ஆரம்பித்தேன். கடிப்பது குறைந்தது. பாய் காய்ந்தது. சோற்றை ஒழுங்காகத் தின்றேன். கோடைமழைக்கு முன்னால் ஒரு மழை பெய்து, காப்பிச் செடியெல்லாம் ஒரே வெள்ளையாய்ப் பூத்து, ஊர் முழுக்க மல்லிகை மாதிரி மணத்த வாரத்தில் வீட்டில் வாய் திறந்து தண்ணீர் கேட்டேன். அத்தா என்னைத் தூக்கிக்கொண்டு கடைவீதி முழுக்க நடந்தார். "பாத்தீங்களா, அவன் போனான், இவனுக்கு நாக்கு வந்துருச்சு" என்று ஒவ்வொரு கடையிலும் சொன்னார். நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் மாமாவுக்கு எதிரான சாட்சியாகப் போயிற்று. நான் சிரித்தால்கூடப் போயிற்று.

அந்தக் கோடையிலேயே டாக்டரம்மா பட்டணத்துக்குத் திரும்பிவிட்டார். அறையில் மறுபடி விறகு அடுக்கினார்கள். அந்த மணல் தொட்டியும் அடுப்புக்குத்தான் போயிருக்கும்.

வளர வளர, மாமா உன்னை அடித்தார் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லியே எனக்கு ஒரு அடி ஞாபகத்துக்கு வந்துவிட்டது. தலைச்சோலைக்குப் போகிற வழி, சில்வர் ஓக் மரம், கையில் ஒரு குச்சி. அவ்வளவு தெளிவாகத் தெரியும். பள்ளிக்கூடத்தில் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறேன். என் மனைவியிடமும் சொல்லியிருக்கிறேன். என் நிக்காஹ்வுக்கு மாமாவுக்குப் பத்திரிகை போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இருக்கவில்லை.

அத்தா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து வெகுகாலம் கழித்து, அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, ஒருநாள் என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாள். மாமா போன மறுவாரம் நடந்ததை அப்போதுதான் சொன்னாள். டாக்டரம்மா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, இவன் ஒரு பொம்மையைப் புதைக்கிறான், புதைத்துவிட்டு உடனே தோண்டி எடுக்கிறான், மணலைத் துடைத்து மடியில் வைத்துக்கொள்கிறான், மறுபடி புதைக்கிறான், வாரா வாரம் இதே விளையாட்டு என்றாராம். இன்றைக்குத் தோண்டும்போது முதல்முறையாக வாயைத் திறந்து மாமா என்றான், யாரம்மா அந்த மாமா, அவரை ஒருமுறை இங்கே அனுப்புங்கள், இவனோடு உட்காரட்டும், அவர்மேல்தான் பயம், அவர்மேல்தான் ஆசையும் என்றாராம்.

"நான் பொதைக்கறத மட்டுந்தான் பாத்தேன் கண்ணு" என்றாள் அம்மா. "பாப்பா அழுதா, குனிஞ்சுட்டேன். தோண்டறதப் பாக்கல. டாக்டரம்மா அதுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும் கேட்டாங்க, மாமா வரலியான்னு. ஊர்ல இல்லைன்னு சொல்லிட்டேன். உங்கத்தாகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது? ஊரெல்லாம் சொல்லி முடிச்சிருந்தாரு. நீ போயி அவன்கிட்ட சொல்லிடு. எல்லாத்தையும் சொல்லு. அக்கா மாப்புக் கேட்டான்னு சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அந்த மணலின் ஈரம் என் கைக்கு வந்தது. மடியில் பொம்மையைக் கிடத்தித் துடைத்தது வந்தது. சில்வர் ஓக் மரமும் குச்சியும் அன்றோடு போய்விட்டன. அவை எப்போதுமே இருந்ததில்லை. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்து அன்றிரவு வெட்கத்தில் அழுதேன்.

மாமா சேலத்தில் ஒரு தையல் கடைக்குப் பின்னால் ஒற்றை அறையில் இருந்தார். நான் யாரென்று சொல்லத் தேவைப்படவில்லை. கட்டிலில் துண்டை விரித்து உட்கார வைத்தார், டீ வாங்கி வரச் சொன்னார், அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், சின்ன வயதில் எனக்குப் பேச்சு நின்றதே என்று இழுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அத ஏன் கண்ணு இப்ப? மச்சான்மேல எனக்குக் கோவமில்ல. மொதல்ல இருந்துச்சு. நொம்பவே இருந்துச்சு. அந்தக் கோடைல ஒருநா, நேரா வந்து கேட்டுரலாம்னு மல பஸ் ஏறி வந்தேன். கடைக்கு எதுத்தாப்பல நின்னேன். நீ கல்லாகிட்ட உக்காந்து சத்தமா வாய்ப்பாடு சொல்லிட்டிருந்த. எனக்குக் காலு நகரல. பேச்சு வந்துருச்சு. நான் உள்ள வந்து, என்னயப் பாத்துட்டு, மறுபடி நின்னு போச்சுன்னா?"

டீ வந்தது. அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மேலே பேசினார்.

"அப்படியே எறங்கிட்டேன். அதுக்கப்புறம் மல ஏறல. நான் கிட்ட இல்லாததுதான் உனக்கு மருந்துன்னு புரிஞ்சுபோச்சு. வலிக்காதுன்னு பொய் சொன்னவன், இதையாச்சும் ஒழுங்காச் செய்யணும்ல? எனக்குப் பொண்டாட்டி புள்ள இல்ல, சொத்து இல்ல. இந்த ஒண்ணத்தான் நான் உருப்படியாச் செஞ்சிருக்கேன்."

அம்மா சொல்லி அனுப்பிய அத்தனையும் என் தொண்டையில் இருந்தது. வாரா வாரம் உங்களைத்தான் கேட்டார்கள். நான் முதலில் சொன்ன வார்த்தை நீங்கள்தான். அன்றைக்கு நீங்கள் தெருவைத் தாண்டிக் கடைக்குள் வந்திருந்தால் போதும், எல்லாம் சரியாகியிருக்கும். இதைச் சொன்னால் இந்த மனிதருக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் அவருக்குச் சேர வேண்டியதை நான் மறுபடியும் வைத்துக்கொண்டவன் ஆவேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்க மாமா" என்றேன். "அதனாலதான் எனக்குச் சரியாச்சு."

வீட்டுக்கு வந்தபோது அம்மா தூங்காமல் காத்திருந்தாள். சொன்னியா என்று கேட்டாள். எல்லாத்தையும் சொல்லிட்டேன் என்றேன்.

"என்ன சொன்னான்?"

"சிரிச்சாரும்மா."

அம்மா அல்ஹம்துலில்லாஹ் என்று கண்ணை மூடிக்கொண்டாள். நான் விளக்கை அணைத்தேன். அன்றைக்கு நான் இரண்டு பேரிடமும் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை. அவர் சிரிக்கத்தான் செய்தார்.